பால் நிறுத்திய பதினைந்து நாள்

உப்பை மாற்றச் சொன்னார்கள், அம்மா சரி என்றார். கருவாடு வேண்டாம், நெத்திலி வேண்டாம், முட்டை வேண்டாம் என்றார்கள், அதற்கும் சரி. பாலும் கூடாது என்றபோதுதான் நிமிர்ந்து டாக்டரின் முகத்தைப் பார்த்தார்.

அம்மா மாடு வைத்திருந்தவர். விடியற்காலையில் தோட்டத்தில் ரப்பர் மரம் சீவப் போய், பதினோரு மணிவாக்கில் மரப்பாலை எடை போட்டுக் கொடுத்துவிட்டு வந்து, பிற்பகலில் புல் அறுத்து, இரண்டு மாட்டையும் கறந்து, தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பத்து வீட்டுக்கு ஊற்றியவர். எங்கள் மூன்று பேரின் பள்ளிக்கூடச் செலவு அந்தப் போத்தல் பாலில்தான் வந்தது. இப்போது ரப்பர் போய், தோட்டம் செம்பனை என்கிற எண்ணெய்ப் பனையாகிவிட்டது. லயம் இல்லை. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் மலிவு விலை வீடு வாங்கி வந்து இருபது வருடம் ஆகிறது. மாடு போனாலும், காலையில் கெட்டியாக ஒரு பால் தே இல்லாமல் அம்மாவுக்குப் பொழுது விடியாது.

போன வருடம் அவருக்குத் தைராய்டில் புற்றுநோய். சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாமல் அங்கங்கே தங்கியிருக்கும் செல்களைக் கொல்லக் கதிரியக்க அயோடின் கொடுக்க வேண்டும். தைராய்டு செல் ரத்தத்தில் வரும் அயோடினை இழுத்து இழுத்து வைத்துக்கொள்ளும். சாதாரண அயோடினா, கதிர் வீசும் அயோடின்-131ஆ என்று பிரித்துப் பார்க்க அதற்குத் தெரியாது. இரண்டு வாரம் அயோடின் உள்ள சாப்பாட்டை நிறுத்திக் காயப்போட்டுவிட்டு, பிறகு கதிர் வீசும் அயோடினைக் கொடுத்தால் அள்ளி விழுங்கும். விழுங்கியது உள்ளேயிருந்து அதைக் கொல்லும்.

டாக்டர் இதை மலாயில் பொறுமையாகச் சொல்லி முடித்ததும் அம்மா என் பக்கம் திரும்பினார். "மாடு மாதிரிதான் போல. பசியோட கட்டிவெச்சா எந்தப் புல்லைப் போட்டாலும் தின்னும்." அதற்குப் பிறகு நான் படித்த எந்த விளக்கமும் இதைவிடத் தெளிவாக இல்லை.

நான் செம்பனை ஆலையில் பாய்லர் பார்ப்பவன். கதிரியக்கம் என்றால் எனக்குத் தெரிந்தது ஒரு மஞ்சள் பலகைதான். பாய்லரை நிறுத்திப் பழுது பார்க்கும்போது, குழாயில் வெல்டிங் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று படம் எடுக்க வெளியிலிருந்து ஆட்கள் வருவார்கள். எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, ராத்திரியில்தான் வேலை. சுற்றிக் கயிறு கட்டி, மூன்று இதழ் போட்ட அந்த மஞ்சள் பலகையைத் தொங்கவிடுவார்கள். உள்ளே ஒரு பெட்டி. அதிலிருந்து கம்பியைத் தள்ளினால் குண்டூசித் தலை போல இரிடியம்-192 வெளியே வரும், படம் விழுந்ததும் திரும்ப உள்ளே போகும். கயிற்றைத் தாண்டாதே. இருபது வருடத்தில் இதைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது அந்த இரண்டு வார்த்தைதான். நானும் அதற்குமேல் கேட்டதில்லை.

அதே பலகை மருத்துவமனையில் அம்மாவின் அறைக் கதவில் தொங்கியது.

ஊரிலிருந்து இரவே காடியில் கிளம்பி, காலை எட்டு மணிக்கு அங்கே இருந்தோம். அது மருத்துவமனை அறை மாதிரியே இல்லை. கதவு கனம். கட்டில், தொலைக்காட்சிப் பெட்டி, மேசை, போன் எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டிருந்தார்கள். பத்து மணிக்கு ஒருவர் தள்ளுவண்டியில் ஒரு சின்னக் குடுவையைக் கொண்டுவந்தார். ஒரு சாண் உயரம் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் தூக்கும்போது அவருடைய மணிக்கட்டு நரம்பு புடைத்தது. காரீயம். அதற்குள்ளே இன்னொரு குப்பி, அதற்குள்ளே ஒரே ஒரு மாத்திரை, கதிரியக்கக் கணக்கில் நூறு மில்லிகியூரி. என்னை வெளியே போகச் சொன்னார்கள். கதவுக்கு வெளியே இருந்த திரையில் பார்த்தேன். அம்மா மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு, கோவிலில் தீர்த்தம் வாங்கிக் குடித்த பிறகு செய்வது போல, ஈரக் கையைத் தலையில் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் கழித்து மீட்டரோடு ஓர் அதிகாரி உள்ளே போய், ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தார். மணிக்கு 190 மைக்ரோசீவர்ட். உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது, ஆயிரம் மைக்ரோ ஒரு மில்லி. எண்ணைக் கேட்டுவிட்டேனே தவிர அதை வைத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. அவரே சொன்னார். மண், காற்று, வானம், சாப்பாடு என்று உலகத்தில் ஒரு மனிதர் சும்மா இருந்தாலே ஆண்டுக்குச் சராசரி 2.4 மில்லிசீவர்ட் வாங்குகிறார். அந்த நேரத்தில் அம்மாவுக்கு ஒரு மீட்டர் தள்ளி ஒருவர் பதின்மூன்று மணி நேரம் நின்றால் அந்த ஒரு வருடத்துக் கணக்கு முடிந்துவிடும். இரண்டு மீட்டர் தள்ளி நின்றால் நாலில் ஒரு பங்கு, மூன்று மீட்டர் என்றால் ஒன்பதில் ஒன்று. பாய்லரில் அழுத்தமானிக்கு முன்னால் நிற்பவனுக்கு இந்த மாதிரி பேச்சு புரியும். முள் எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்று தெரிந்தால் அடுத்து என்ன செய்வது என்று தெரியும். எண் தெரியாத வரைக்கும்தான் பயம்.

அறைக்குள் வேலை ஒன்றுதான், தண்ணீர் குடிப்பது. "ஆயர் பாஞாக் மினும், மாக்சிக்," நிறையத் தண்ணீர் குடியுங்கம்மா என்று மிஸ்ஸி, அதாவது நர்ஸ், ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். செல்கள் பிடித்துக்கொண்டது போக மிச்ச அயோடின் சிறுநீரில்தான் போகும். உமிழ்நீர்ச் சுரப்பியும் கொஞ்சம் அயோடினை இழுக்கும் என்பதால் புளிப்பு மிட்டாயைச் சப்பிக்கொண்டே இருக்க வேண்டும். கழிப்பறையில் இரண்டு தடவை தண்ணீர் விட வேண்டும். அந்தத் தண்ணீரும் நேராகச் சாக்கடைக்குப் போவதில்லை. கதிர் அடங்கும் வரை தனித் தொட்டியில் கிடக்கும்.

ராத்திரி போனில் பேசினோம். "சூடு இல்ல, வலி இல்ல, ஒன்னுமே தெரியலப்பா. உள்ள வேலை செய்யுதா இல்லையா?" என்றார். அந்தக் கேள்விக்கு நான் வாயடைத்துப் போனேன். மரம் சீவுகிறவர் கையில் கத்தி பட்டால் ரத்தம் வரும். மருந்து அடிக்கிறவருக்கு நாற்றம் தெரியும், தலை சுற்றும். உடம்புக்குள் இருந்துகொண்டு ஒரு சமிக்ஞையும் தராத ஒன்றை எங்கள் சனம் எதை வைத்து நம்பும், எதை வைத்துப் பயப்படும்? யாராவது வந்து சொன்னால்தான் உண்டு.

மூன்றாம் நாள் மீட்டர் 18 காட்டியது. வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். கர்ப்பிணியும் சின்னப் பிள்ளையும் கிட்டே வரக் கூடாது, தனிப் படுக்கை, தனித் தட்டு, துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும், இதெல்லாம் இரண்டு வாரத்துக்கு. எங்கள் வீட்டில் தம்பி மனைவிக்கு ஐந்தாம் மாதம். வயிற்றுப் பிள்ளைக்கு மூன்றாம் மாதவாக்கிலேயே தைராய்டு அயோடினைப் பிடிக்கத் தொடங்கிவிடும் என்று டாக்டர் சொன்ன அன்றே அவரைக் கோலகங்சாரில் அவர் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். என் மகளுக்கு ஆறு வயது. என்னுடைய இரும்பு டேப்பை எடுத்து, பாட்டி நாற்காலியிலிருந்து இரண்டு மீட்டர் அளந்து, தரையில் சாக்குக்கட்டியால் அவளே கோடு போட்டாள். பாட்டி இந்தப் பக்கம், பேத்தி அந்தப் பக்கம். நாள்காட்டியிலும் குறித்து வைத்தோம். எட்டு நாளில் பாதி, பதினாறில் கால், இருபத்து நாலில் அரைக்கால். உடம்பிலிருந்து சிறுநீரிலும் போவதால் உண்மையில் இதைவிடச் சீக்கிரமாகவே குறையும். அம்மாவின் கட்டிலைப் பிள்ளைகள் அறையிலிருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் தள்ளி, கடைசிச் சுவரோடு ஒட்டிப் போட்டேன். இந்தக் கட்டில் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த இரண்டு வாரத்தில் ஒருநாள் அம்மா கேட்டார். "ஜப்பான்ல போட்டாங்களே, அந்தச் சாமானா இது?"

எங்கள் வீட்டில் ஹிரோஷிமாவுக்கு ஒரு கதைதான் உண்டு. அம்மாவின் அப்பா, போர்க்காலத்தில் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட மரண ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போகப்பட்டவர். அந்த 415 கிலோமீட்டர் பாதையில் தோட்டத்துத் தமிழர் ஆயிரம் ஆயிரமாகச் செத்தார்கள். "குண்டு விழுந்துச்சு, ஜப்பான்காரன் கையைத் தூக்கிட்டான், தாத்தா வீடு வந்து சேர்ந்தாரு." இவ்வளவுதான் கதை. அந்தக் குண்டுக்குக் கீழே இருந்தவர்களைப் பற்றி எங்கள் லயத்தில் யாரும் பேசிக் கேட்டதில்லை. அந்தச் சாவுகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

ஆனால் அந்தக் குண்டுக்குக் கீழே மலாயாக்காரர்களும் இருந்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் தெரியும். ஜப்பான் அரசு படிக்க அழைத்துப்போன மாணவர்கள். நிக் யூசோப் ஹிரோஷிமாவிலேயே இறந்தார். சையட் ஒமார் வெளியே பெரிய காயமில்லாமல் தப்பி, தோக்கியோவுக்குப் போகும் வழியில் உடம்பு முடியாமல் கியோத்தோவில் இறங்கி, 1945 செப்டம்பர் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் இறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை. கதிர் பட்டு எலும்பு மஜ்ஜை செத்துப்போனால் புது ரத்தம் ஊறாது. பார்க்க நன்றாக இருப்பவர்தான் இரண்டு மூன்று வாரத்தில் முடி கொட்டி, ஈறில் ரத்தம் கசிந்து, காய்ச்சலில் போவார். பினாங்கைச் சேர்ந்த அப்துல் ரசாக் அப்துல் ஹமீட் தப்பி ஊர் திரும்பி, பின்னாளில் நம் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மொழி கற்றுக்கொடுத்து, 2013 வரைக்கும் இருந்தார்.

தப்பியவர்களும், ஒப்பிட்டுப் பார்க்க அன்றைக்கு ஊரில் இல்லாதவர்களுமாகச் சுமார் 1,20,000 பேரை 1950 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். ரத்தப் புற்றுநோய் சில வருடங்களிலேயே கூடியது, பிள்ளைகளாக இருந்தவர்களுக்கு ரொம்பவே. மற்றப் புற்றுநோய்கள் பத்து வருடத்துக்குப் பிறகு மெல்ல மெல்ல, வாங்கிய அளவுக்கு ஏற்பக் கூடின. அன்றைக்கு வயிற்றில் இருந்த பிள்ளைகளில் சிலர் சிறிய தலையோடும் மூளை வளர்ச்சி குறைந்தும் பிறந்தார்கள். ஆனால் பிறகு கருத்தரித்துப் பிறந்த பிள்ளைகளிடம் பரம்பரைக் கோளாறு கூடியதாக இதுவரை கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தும் அந்த ஊர்ப் பெண்கள் பலருக்கு வரன் அமையவில்லை. எங்கே இருந்தோம் என்பதையே பலர் மறைத்து வாழ்ந்தார்கள். இதைச் சொன்னபோது அம்மா, "பொண்ணுங்களுக்குத்தான் முதல்ல வரும்," என்றார்.

அவரை உலுக்கியது, அன்றைய சோவியத் நாட்டின் உக்ரைனில் இருந்த அணுமின் நிலையமான செர்னோபில்தான். அந்த உலையிலிருந்து வெளியேறியவற்றில் அவர் விழுங்கிய இதே அயோடின்-131 இருந்தது. 1986 ஏப்ரல் 26, நள்ளிரவு தாண்டி 1:23க்கு உலை வெடித்தது. பக்கத்திலேயே பிரிப்பியாத் நகரம், 49,000 பேர். அவர்களை மறுநாள் பிற்பகலில்தான் பஸ்ஸில் ஏற்றினார்கள். அது வரைக்கும் பிள்ளைகள் வெளியே விளையாடிக்கொண்டிருந்தார்கள். 28ஆம் தேதி சுவீடனில் ஓர் அணுமின் நிலையத்தில் வேலை செய்பவரின் காலணியில் மீட்டர் கத்திய பிறகு, அன்று மாலைதான் மாஸ்கோ வாய் திறந்தது. அணைக்கப் போனவர்களிலும் நிலைய ஊழியர்களிலும் 134 பேருக்குக் கடும் கதிர் நோய், அதில் 28 பேர் சில மாதங்களில் இறந்தார்கள். சுற்று வட்டாரத்தில் காற்றோடு போன அயோடின் புல்லில் இறங்கியது. புல்லை மாடு தின்றது.

அம்மா அதற்குமேல் கேட்க வேண்டியிருக்கவில்லை. "பாலா?" என்றார்.

பால்தான். மாடு நாள் முழுக்க எத்தனை பரப்புப் புல்லை மேய்கிறதோ அத்தனையிலும் விழுந்தது மடிக்கு வந்து சேரும். பிள்ளையின் தைராய்டு சின்னது, குடிப்பதோ பெரியவர்களைவிட அதிகம். பெலாரூஸ், உக்ரைன், ரஷ்யா மூன்றிலுமாக அப்போது பதினெட்டு வயதுக்குள் இருந்தவர்களில் 2005க்குள் 6,000க்கு மேற்பட்டோருக்குத் தைராய்டு புற்றுநோய் வந்தது. பெரும்பாலோர் சிகிச்சையில் பிழைத்தார்கள், கழுத்தில் தழும்போடும் ஆயுளுக்கும் மாத்திரையோடும். போலந்து என்ன செய்தது தெரியுமா? விஷயம் தெரிந்த உடனே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்குச் சாதாரண அயோடினைக் கொடுத்துத் தைராய்டை நிரப்பியது, பாலைக் கட்டுப்படுத்தியது. எங்களுக்கு டாக்டர் சொன்னதன் நேர் எதிர்ப்பக்கம் அது. வயிறு நிறைந்த மாடு புதுப் புல்லைத் தொடாது.

எட்டு நாளில் பாதியாகும் சரக்கு. ஒன்றிரண்டு மாதம் பாலைக் கொட்டியிருந்தால் போதும்.

அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "யாரும் சொல்லலன்னா நானும்தான் ஊத்தியிருப்பேன். பத்து வீட்டுக்கும்," என்றார். அவர் கண்ணில் நீர் நின்றது. எங்கோ இருக்கும் ஊரில் முப்பது நாற்பது வருடத்துக்கு முன்னால் கறந்து ஊற்றிய ஒரு பெண்ணுக்காக அவர் அழுததாகத்தான் நான் நினைக்கிறேன்.

மக்களிடம் யாராவது சொன்னார்களா என்ற இதே கேள்வி நம் பேராக்கிலும் எழுந்தது. இங்கிருந்து ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் புக்கிட் மேராவுக்கு. வெள்ளீயம் அலசிய பிறகு மிஞ்சும் அமாங் மணலிலிருந்து வரும் மோனசைட் என்ற கனிமத்தில் அரிய மண் உலோகங்களை எடுக்கும் ஆலை 1982இல் அங்கே ஓடத் தொடங்கியது. கழிவில் தோரியம் என்ற கதிரியக்க உலோகம். அது பாதியாக 1,400 கோடி வருடம் ஆகும். 1984இல் பாப்பான் என்ற ஊரின் மக்கள் அந்தக் கழிவைத் தங்கள் ஊரில் புதைக்க விடமாட்டோம் என்று எழுந்தார்கள். 1985இல் புக்கிட் மேரா மக்கள் நீதிமன்றம் போனார்கள். தங்கள் பிள்ளைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இதுதான் காரணம் என்று தாய்மார்கள் சொன்னார்கள், ஆலைத் தரப்பு மறுத்தது. 1992இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை நிறுத்தச் சொன்னது, 1993 கடைசியில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது, 1994இல் ஆலை மூடப்பட்டது. என்னென்ன எங்கே கொட்டப்படுகிறது என்று முதல் நாளே அந்த மக்களிடம் உட்கார்ந்து சொல்லியிருக்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது கட்டில்.

தீபாவளிக்கு அம்மா முறுக்குச் சுட்டார். சிகிச்சை முடிந்து எண்பது நாள் ஆகியிருந்தது. எட்டு நாளுக்கு ஒருமுறை என்று பத்துத் தடவை பாதியானால் ஆயிரத்தில் ஒன்று, அதுவும் உடம்பில் தங்கியிருந்தால். முறுக்கில் ஒன்றும் இல்லை. தட்டில் வைத்துத் துணி மூடிப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்தார். அவரும் சிரித்து வாங்கிக்கொண்டார். மறுநாள் காலை குப்பை லாரி வருவதற்கு முன்னால், அவர்கள் வாசலில் கட்டி வைத்திருந்த பிளாஸ்டிக் பையில் முறுக்குகள் உடையாமல் அப்படியே தெரிந்தன. அம்மாதான் முதலில் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் உள்ளே வந்து தே கலக்கினார், குடிக்கவில்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டேன். படித்ததையெல்லாம் கொட்டினேன். எட்டு நாள், பாதி, மீட்டர், எல்லாம். அக்கா முழுக்கக் கேட்டுவிட்டு, "உள்ள வா தம்பி," என்று நடுஅறைக்குக் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டினார். எங்களுடையது வரிசை வீடு, இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர். "ஒங்கம்மா கட்டிலு அந்தப் பக்கம் இதோட ஒட்டித்தானே கெடந்துச்சு? கட்டில் இழுக்குற சத்தம் கேட்டுச்சு. அந்த வாரம் எம்மவ முழுகாம வந்து ரெண்டு ராத்திரி இங்கதான் படுத்திருந்தா. ஒன் தம்பி பொண்டாட்டிய மட்டும் ஊருக்கு அனுப்பிட்டீங்க."

என் பிள்ளையிடமிருந்து தள்ளிப் போட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவர் பிள்ளையின் பக்கம் தள்ளியிருக்கிறேன். சுவருக்கு அந்தப் பக்கம் யார் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை.

மருத்துவமனைக்குப் போன் செய்து அந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எத்தனையாவது நாள், எத்தனை மணி நேரம், கட்டிலுக்கும் கட்டிலுக்கும் எவ்வளவு, செங்கல் சுவரா என்று கேட்டுக் கணக்குப் போட்டார். ஒரு மார்பு எக்ஸ்ரே அளவுக்குக்கூட வராது, குழந்தைக்கு ஆபத்து இல்லை என்றார். அக்கா மகளும் என் போனிலேயே அவரிடம் நேராகக் கேட்டுக்கொண்டார். அக்கா கடைசியில் சொன்னது இதுதான்: "சரி, ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சிச்சு. ஆனா கட்டிலைப் போடுறப்பவே வந்து சொல்லியிருக்கணும் தம்பி." நான் மன்னிப்புக் கேட்டேன். அம்மாவும் வந்து கேட்டார்.

அடுத்த வாரம் அம்மாவுக்கு மறுபடி ஸ்கேன். எங்கேயாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க இந்த முறை கொஞ்சமே கொஞ்சம் அயோடின் தருவார்கள். தேதி கிடைத்ததும் முதலில் பக்கத்து வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். கட்டிலை இப்போதே முன்கூடத்துக்கு மாற்றியாகிவிட்டது. அக்காவே டேப்பின் ஒரு முனையைப் பிடித்தார்.

கருவாடு, நெத்திலி, முட்டை, பால் எல்லாம் திரும்ப நிறுத்தி இன்றோடு ஐந்து நாள். காலையில் வேலிக்கு மேலே ஒரு கிளாஸ் நீண்டது. இஞ்சி தட்டிப் போட்ட தே ஓ. "பால் ஊத்தல, பயப்படாம குடிங்க," என்றார் அக்கா. அம்மா அங்கேயே நின்று ஊதி ஊதிக் குடித்தார்.